சர்க்கரை வந்தவரிடம் எப்படிப் பேசுவது? வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

மன்னார்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்களில் சிலர், அட்டையை வாங்கியதும் கவர் வேண்டாம் என்று சொல்லி இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்வார்கள். வீட்டில் தெரியக் கூடாதாம். "மவன் வந்து கேட்டான்னா சத்து மாத்திரைன்னு சொல்லிருங்க தம்பி" என்று என்னையும் கூட்டுச் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நோயைவிட வீட்டார் வாய்க்குத்தான் பயம் அதிகம்.

மறைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாத்திரையை விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டுக்குப் பயந்து வீட்டில் சொல்வதில்லை. டாக்டர் கேட்கும்போதும் மனைவி பக்கத்தில் நிற்பதால் "ஒழுங்காத்தான் போடறேன்" என்கிறார். சர்க்கரை கூடியிருப்பதைப் பார்த்து டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார். அடுத்த மாதம் வெளியூரிலிருந்து மகள் வந்து வேளா வேளைக்கு எல்லா மாத்திரையையும் எடுத்துக் கையில் கொடுக்கிறாள். கூட்டிய அளவு முழுசாக உள்ளே போகிறது. சர்க்கரை சடாரென்று இறங்கி, வியர்த்து, கண் இருட்டிக் கீழே விழுகிறார்.

ஆகவே சர்க்கரை வந்தவருக்கு நான் எதுவும் எழுதப்போவதில்லை, அவருக்கு அறிவுரை சொல்ல ஊரே இருக்கிறது. இது புதிதாக நோய் தெரியவந்த வீட்டில் இருக்கும் மனைவி, கணவன், மகன், மருமகள், அண்ணன் தம்பிகளுக்கும், வீடு வீடாக சர்க்கரை பார்க்கப் போகும் புதிய தன்னார்வலர்களுக்கும். நோக்கம் ஒன்றுதான்: விட்டுப்போன மாத்திரை, திருட்டுத்தனமாகத் தின்ற ஜாங்கிரி, காலில் குத்திய முள் எதுவானாலும் அவர் நம்மிடம் பயமில்லாமல் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவரிடம் பேசும் விதம் பற்றி ஆஸ்திரேலியாவில் 2011லும், அமெரிக்காவில் 2017லும், இங்கிலாந்தில் 2018லும் தனி ஆவணங்களே வெளியிட்டார்கள். அவை பெரும்பாலும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் எழுதப்பட்டவை. நம் ஊரில் டாக்டர் பேசுவது சில நிமிஷம். மிச்ச நாளெல்லாம் பேசுவது நாம்.

முதல் வாரம்: யார் குற்றம் என்று தேட வேண்டாம்

ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே வீட்டில் ஒரு பஞ்சாயத்து கூடும். "கண்டதையும் தின்னா வராம என்ன செய்யும்?" "உங்க அம்மா வூட்டுல எல்லாருக்கும் இருக்கு, அங்கேருந்து வந்ததுதான் இது." இரண்டாவது வசனம் முக்கால்வாசி மருமகள்கள் தலையில்தான் விழுகிறது.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பரம்பரை, வயது, தொப்பை, உடலசைவு குறைந்தது, தூக்கமின்மை என்று பல காரணங்கள் சேர்கின்றன. நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிற ஒல்லியான ஆளுக்கும் வருகிறது. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இத்தனை பேரும் அல்வா தின்றே வாங்கிக்கொண்டார்கள் என்பது நடக்கிற காரியமா?

முதல் வாரத்தில் சொல்ல இரண்டே வாக்கியம் போதும். "டாக்டர் என்ன சொன்னாரு?" "நான் என்ன செய்யட்டும்?" இரண்டாவதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் சிரமம். "ஒண்ணும் வேணாம், விடு" என்று பதில் வந்தால் அதையும் ஏற்றுக்கொண்டு, பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

துக்கம் விசாரிக்கிற தொனியில் வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே சமாளிக்க வேண்டும். ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். சித்தப்பாவுக்கு விரலை எடுத்தார்கள், ஒன்றுவிட்ட அண்ணனுக்குக் கண் போச்சு, இன்னொருவருக்கு டயாலிசிஸ். கால் புண்ணின் ஆபத்து உண்மைதான். ஆனால் பயமுறுத்தினால் மனிதர் பாதத்தைப் பார்க்கவே கூசுவார், டெஸ்ட்டுக்குப் போவதையும் தள்ளிப்போடுவார். "அப்பா, படுக்கறதுக்கு முன்னாடி காலைக் காட்டுங்க, ஒரு பார்வை பாத்துருவோம்" என்று டார்ச் லைட்டோடு உட்காருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. நாற்றங்காலுக்கும் நடவுக்கும் வெறுங்காலோடு இறங்குகிற ஊரில் இந்த ஒரு பழக்கம் பத்துக் கதைகளைவிடப் பலன் தரும்.

எண்ணைப் பற்றிப் பேசும்போது

மேட்டூர் நீர்மட்டத்தைக் காலையில் பேப்பரில் பார்க்காமல் காப்பி இறங்காத ஊர் நம்முடையது. 120 அடி இருந்தால் சந்தோஷம், 60க்கு வந்தால் குறுவையா சம்பாவா என்று யோசனை. எண்ணைப் பார்த்ததும் அடுத்து என்ன செய்வது என்று பேசுகிறோம், அணையை யாரும் திட்டுவதில்லை. சர்க்கரை எண்ணையும் அப்படிப் பார்க்கப் பழகலாம்.

நடப்பது வேறு. வெறும் வயிற்றில் 190 என்று வந்ததும் "ராத்திரி என்னத்தத் தின்னீங்க?" என்ற விசாரணை ஆரம்பிக்கிறது. அவர் இரண்டு இட்லியோடு படுத்திருக்கலாம். விடியற்காலையில் கல்லீரல் தானே சர்க்கரையை ரத்தத்தில் விடும், அதனால் பலருக்குக் காலை எண் கூடுகிறது. காய்ச்சல், பல்வலி, தூங்காத இரவு, மனக்கவலை, மூச்சுத்திணறலுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமே ஏற்றிவிடும். எண் ஏறினால் சாப்பாட்டின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். "இன்னிக்கு கொஞ்சம் கூட இருக்கு. தூக்கம் வரலையா? உடம்புக்கு எதுவும் பண்ணுதா?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் ஒரு தகவல் கிடைக்கும்.

மூன்று மாத சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட்டைப் பரீட்சை மார்க் மாதிரி வாசிப்பதையும் விடுங்கள். பலருக்கு 7க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். தள்ளாத வயதினருக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் டாக்டரே கொஞ்சம் தளர்த்திக் குறிப்பார். 9லிருந்து 8.2க்கு இறங்கியவரிடம் "இன்னும் 7க்கு வரலியே" என்றால் அந்த மூன்று மாத நடைக்கும் மரியாதை இல்லை. "முக்கால் பாயிண்டுக்கு மேல எறங்கியிருக்கே, எதைச் செஞ்சது கைகொடுத்துச்சு?" என்று கேட்டால் அவரே யோசித்துச் சொல்வார், சொன்னதைத் தொடர்ந்தும் செய்வார்.

தன்னார்வலர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பது சகஜமாகிவிட்டது. திண்ணையில் விரலைக் குத்திவிட்டு "முன்னூத்தி இருவது பாட்டி!" என்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லாதீர்கள். சாயங்காலத்துக்குள் தெருக்கோடி டீக்கடை வரை அந்த எண் போய்விடும். உள்ளே போங்கள், உட்காருங்கள், எழுதிக் காட்டுங்கள். "சுகர்காரவங்க எல்லாம் வாங்க" என்று கூப்பிடுவதற்குப் பதில் பெயரைச் சொல்லியோ, அக்கா, பெரியப்பா, அப்பாயி என்று முறை சொல்லியோ கூப்பிடலாம்.

பந்தியில்

நம் பக்கத்துக் கல்யாணங்களில் தவறாமல் நடக்கும் காட்சி. இலை போட்டாயிற்று. சாம்பார் போய், ரசம் போய், பாயச வாளி வருகிறது. கரண்டி இலைக்கு மேல் வரும்போது இரண்டு வரிசை தள்ளி நின்று யாரோ கத்துவார்கள்: "மாமாவுக்கு ஊத்தாதீங்க, அவருக்கு சுகரு!" பரிமாறுகிற பையன் கரண்டியோடு அப்படியே நிற்பான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மாமா சிரித்துக்கொண்டே இலையின் மேல் கையை விரித்து மறைப்பார். கத்தியவருக்கு அக்கறையோடு காப்பாற்றிவிட்ட திருப்தி. கை கழுவிவிட்டு வருகிற வழியில் மாமா சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி இரண்டு டம்ளர் பாயசத்தை நின்றபடி குடித்துவிட்டு வருவதை அவர் பார்த்திருக்க மாட்டார். இலையில் விழ வேண்டியது ஒரு கரண்டி.

எதிர் ரகம் இன்னும் மோசம். "ஒரு நாளைக்கு என்ன ஆயிரும்? சாப்பிடுங்க, மாத்திரையை ஒண்ணு கூடப் போட்டுக்கிட்டா சரியாப் போச்சு!" உபசாரத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை, அதற்காக மருந்தின் அளவை இலை முன்னால் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. டாக்டர் சொல்லாமல் மாத்திரையைக் கூட்டுவது ஆபத்து. கூட்டச் சொல்லி ஒருவரை நெருக்குவது அதைவிடத் தப்பு.

செய்ய வேண்டியது இது. கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். "இன்னிக்கு எதைச் சாப்பிடலாம்னு இருக்கீங்க?" அவரே சொல்லட்டும். பாயசம் ஒரு கரண்டி, அதற்கு ஈடாக இரண்டாம் முறை சோறு வேண்டாம், ஜாங்கிரியை எடுத்துப் பேரனுக்குக் கொடுத்துவிடலாம் என்று அவரிடமே ஒரு கணக்கு இருக்கும். சொல்லிவிட்டாரென்றால் பந்தியில் உங்கள் வாய்க்கு வேலை இல்லை. கணக்கு மீறினாலும் அங்கே எதுவும் பேச வேண்டாம், வீட்டுக்கு வந்தும் உடனே வேண்டாம். நீங்கள் பரிமாறுகிறவராக இருந்தால் எல்லோரையும் கேட்பது போலவே அவரையும் கேளுங்கள்: "ஒரு கரண்டி போதுமா மாமா?" ஆடிப்பெருக்குக் காப்பரிசிக்கும் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே வழிதான். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும், அவையும் ஏற்றும் என்பதை வேறொரு நாள் சாவகாசமாகச் சொல்லுங்கள்.

சோற்றைப் பற்றி

தலைமுறை தலைமுறையாக நெல் போடுகிற ஒருவரிடம் "இனிமே சோத்தைத் தொடாதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். அன்றோடு உங்கள் பேச்சு அவர் காதில் ஏறுவது நின்றுவிடும். எதை நிறுத்துவது என்று ஆரம்பிக்காமல் எதைக் கூட்டுவது என்று ஆரம்பியுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, கால் பங்கு சோறு என்பது உலகமெங்கும் சொல்லித்தரும் கணக்கு. நமக்கு வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரை, அவரை, கத்தரி எதற்கும் பஞ்சமில்லை. "கூட்டை மொதல்ல சாப்பிட்டுருங்கப்பா, அப்பறம் சோறு போடறேன்" என்றால் சோறு தானாகக் குறையும். சோற்றுக்குப் பதில் ஆறு சப்பாத்தி அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கோதுமையும் மாவுச்சத்துதான், அளவைப் பார்க்க வேண்டும்.

தனிப் பாத்திரத்தில் "சுகர் சமையல்" வைக்காதீர்கள். வீட்டுக்கே அதே கூட்டு, அதே பொரியல். அவருக்கு மட்டும் தனியாக வைத்தால் தண்டனைச் சாப்பாடு சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

சர்க்கரை வந்திருப்பது வீட்டுப் பெண்ணுக்கு என்றால் கதையே வேறு. அவளைக் கேட்பார் இல்லை. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை அனுப்பி, மாமனாருக்குப் பலகாரம் வைத்து, அவள் சாப்பிட உட்காரும்போது மணி பதினொன்று. சில மாத்திரைகளுக்குப் பிறகு இவ்வளவு தாமதம் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடும். இங்கே சரியான பேச்சு என்பது அறிவுரை கிடையாது. "நீ உக்காந்து சாப்புடு, நான் ஊத்தறேன்" என்று தோசைக் கரண்டியை வாங்கிக்கொள்வதுதான்.

மாத்திரை, ஊசி

"இப்படியே போனா ஊசிதான்" என்று மிரட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் வருஷம் ஆக ஆக ஓய்ந்துகொண்டே வருவது இந்த நோயின் சுபாவம். ஒழுங்காக இருந்தவருக்கும் ஒரு கட்டத்தில் ஊசி தேவைப்படலாம். வருஷக்கணக்கில் அதைத் தண்டனையாகக் காட்டிவைத்தால், டாக்டர் எழுதிக் கொடுத்த அன்று அவர் தோற்றுப்போனவராக வீடு திரும்புவார். இன்சுலின் சீட்டைக் காட்டி விலையை மட்டும் கேட்டுவிட்டு, வாங்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். "டாக்டர் இன்சுலின் ஆரம்பிச்சிருக்காரு, ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்குவோம்" என்பது போதும்.

மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. அதிகம் எழுதப்படும் மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் டாக்டர் அதன் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் கிட்னியைத் தின்பவை.

"மாத்திரை போட்டாச்சா?" என்று தினம் கேட்பது போலீஸ் விசாரணை ஆகிவிடும். அதைவிட, "எந்த வேளை மாத்திரை மறந்துபோவுது?" என்று ஒரு தடவை கேளுங்கள். மத்தியான மாத்திரைதான் என்றால் வயலுக்குப் போகிற தூக்குவாளியோடு சேர்த்துக் கட்டிவிடலாம்.

சர்க்கரை இறங்கும்போது மட்டும்

மேலே சொன்ன பக்குவமெல்லாம் இங்கே கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். நடவு நேரத்தில் சாப்பிடாமல் வேலை செய்தால் இது நடக்கும். தள்ளாடுகிறவரைப் பார்த்து "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்று சிரித்துக்கொண்டு நிற்பதும் நடக்கிறது.

அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், வாதம் செய்யாதீர்கள். குட்டையான வாக்கியம், நிதானமான குரல்: "உக்காருங்க. இதைக் குடிங்க." மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். திருவையாறு அசோகா அல்வா கையில் இருந்தாலும் அதைத் தேடாதீர்கள், நெய் இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். கால் மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் சாப்பிட ஏதாவது கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

எழுந்து உட்கார்ந்த பிறகு "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா" வேண்டாம். சர்க்கரை இறங்கியபோது எரிந்து விழுந்ததையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அப்போது பேசியது அவர் இல்லை. மறுநாள் "நேத்து என்ன நேரத்துல சாப்ட்டீங்க?" என்று கேட்டு, நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கோயில்வெண்ணியும் கசாயமும்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கோயில்வெண்ணி கரும்பேஸ்வரர் கோயிலுக்கு சர்க்கரை நோய் தீர வேண்டிக்கொண்டு தூரதூரத்திலிருந்து வருகிறார்கள். ரவையும் சர்க்கரையும் கலந்து பிராகாரத்தில் தூவி எறும்புக்கு விடுவார்கள். வீட்டுப் பெரியவர் போக வேண்டும் என்றால் கேலி பண்ணாதீர்கள். கூடவே போங்கள், பிராகாரம் சுற்றுவது நடையும் ஆயிற்று. "போயிட்டு வருவோம் அப்பாயி, மாத்திரையைப் பையில எடுத்து வச்சிக்குவோம்" என்று சொல்லுங்கள். வெந்தயத் தண்ணீர், ஆவாரம்பூ, பாகற்காய்ச் சாறு விஷயத்திலும் சண்டை வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வா என்று யாராவது சொன்னால் அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு வந்தால்

சிறுவயதில் வரும் முதல் வகை நீரிழிவு, உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் செல்களை அழிப்பதால் வருவது. சாக்லேட் வாங்கிக் கொடுத்ததால் வரவில்லை. அந்தத் தாயிடம் இதை ஒருவராவது உரக்கச் சொல்ல வேண்டும். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போடும்வரை இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இல்லாமல் இருந்தது. இன்று ஊசியோடு பள்ளிக்கூடம் போகிறார்கள், விளையாடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். "பாவம், இந்த வயசுலயா!" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். பெண் குழந்தை என்றால் "யாரு கட்டிக்குவா" என்ற பேச்சு உடனே ஆரம்பிக்கும், அதை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் கூடப் போகும்போது

நீங்கள் துணைக்குப் போகிறீர்கள், சாட்சி சொல்ல இல்லை. "சொல்பேச்சே கேக்கறது இல்ல சார்" என்று உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தால் அவர் வாய் அடைத்துவிடும். டாக்டர் கேட்பதற்கு அவரே பதில் சொல்லட்டும். பாலியல் சிக்கல், சிறுநீர்ப் பிரச்சினை மாதிரி உங்கள் முன்னால் சொல்ல முடியாதவை இருக்கலாம், ஐந்து நிமிஷம் வெளியே உட்காருங்கள். கேட்க வேண்டியதை முதல்நாள் ராத்திரியே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே நீங்கள் எழுதிக் கொடுங்கள். பழைய ரிப்போர்ட்டோடு காலி மாத்திரை அட்டைகளையும் பையில் போடுங்கள், பெயர் நினைவில்லாவிட்டாலும் அட்டையைப் பார்த்து டாக்டர் தெரிந்துகொள்வார். வெறும் வயிற்று டெஸ்ட்டுக்காக முதல் பஸ்ஸில் கிளம்புகிறவருக்கு இட்லியைக் கட்டிக் கொடுங்கள். ரத்தம் கொடுத்ததும் சாப்பிடுவதா, அன்று காலை மாத்திரையை எப்போது போடுவது என்று முந்தின நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.